ஜிலேபி மீன்: பெயரின் பொருளும் பிறப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஏரி மீன், அணை மீன் விற்கும் இடங்களில் ‘ஜிலேபி’ என்ற பெயரைத் தினமும் கேட்கலாம். விலை குறைவு, எங்கும் கிடைக்கும், குழம்புக்கும் வறுவலுக்கும் ஒத்துவரும். ஆனால் பெயரைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நன்னீர் மீன்களைப் பற்றி எழுதும்போது வாசகர்கள் என்னிடம் அதிகம் கேட்பதும் இந்தப் பெயரைத்தான். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே ஒன்றாகத் தருகிறேன்.

ஜிலேபி மீனுக்கும் ஜிலேபி என்ற இனிப்புக்கும் என்ன தொடர்பு?

ஒலியைத் தவிர ஒன்றுமில்லை. இனிப்பின் பெயர் பாரசீகத்தின் ‘ஜுல்பியா’, அரபியின் ‘ஜலாபியா’ ஆகிய சொற்களோடு உறவுடையது. வட இந்தியா வழியாக நம்மிடம் வந்தது. மீனின் பெயர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. இரண்டு கண்டங்களிலிருந்து தனித்தனியே வந்த சொற்கள் தமிழன் வாயில் ஒன்றாகிவிட்டன.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் துடுப்பு ஓரங்களில் செந்நிறம் ஏறும். அது ஜிலேபியின் நிறம்போல இருப்பதால் இந்தப் பெயர் என்று சிலர் விளக்குவார்கள். சதை இனிப்பாக இருப்பதால்தான் என்பவர்களும் உண்டு. இவை பெயர் நிலைத்த பிறகு தேடிப் பொருத்திய காரணங்கள். மீனைப் பார்த்து யாரும் இந்தப் பெயரை வைக்கவில்லை. காதில் விழுந்த ஒரு பெயரைத் தமக்குத் தெரிந்த சொல்லாக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

காதில் விழுந்த அந்தப் பெயர் எது?

‘திலாப்பியா’. மீன்வளத் துறையினரும் ஆய்வாளர்களும் இந்த மீனைக் கொண்டுவந்தபோது அதனுடன் வந்த பெயர் இதுதான். அறிவியல் நூல்களில் அப்போது இது ‘திலாப்பியா மொசாம்பிகா’.

திலாப்பியா என்றால் என்ன பொருள்?

மீன். வேறெந்த அடைமொழியும் இல்லாமல், வெறும் ‘மீன்’.

தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் வாழும் ட்ஸ்வானா மக்களின் மொழி செட்ஸ்வானா. அதில் மீனுக்கு ‘த்லாபி’ என்று பெயர். தமிழ் எழுத்தில் இதைச் சரியாகக் காட்ட வழியில்லை. முதலில் வரும் மெய்யொலிக்கு நாக்கின் நுனியை மேல் ஈற்றில் பதித்து, காற்றை நாக்கின் ஓரங்கள் வழியாக மூச்சோடு விடவேண்டும். தகரமும் லகரமும் ஒரே நேரத்தில் வருவதுபோல இருக்கும். ஐரோப்பியக் காதுக்கு இந்த ஒலி பிடிபடவில்லை. அதனால் இரண்டு மெய்களுக்கும் நடுவே ஓர் இகரத்தைச் செருகி, கடைசியில் லத்தீன் வால் ஒன்றை ஒட்டினார்கள். த்லாபி, திலாப்பியா ஆனது.

ட்ஸ்வானா மக்களில் ஒரு பிரிவினரின் பெயரே இந்தச் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் ‘பத்லாபிங்’, அதாவது மீனின் மக்கள். தென்னாப்பிரிக்காவின் வட பகுதியில் குருமான், தௌங் ஆகிய ஊர்களைச் சுற்றி வாழ்பவர்கள். மீன் அவர்களுடைய குலக்குறி. ட்ஸ்வானா மரபில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விலங்கு குலக்குறியாக உண்டு. முதலை ஒரு குலத்துக்கு, யானை ஒரு குலத்துக்கு, குரங்கு ஒரு குலத்துக்கு. குலக்குறியான விலங்கை அந்தக் குலத்தார் உண்பதில்லை என்பது பழைய வழக்கம். பாண்டியரின் கொடியில் மீனைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஓர் இனமே மீனைத் தன் பெயராகச் சூடியிருப்பது அந்நியமாகத் தோன்றாது.

அந்தச் சொல்லை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் யார்?

ஆண்ட்ரூ ஸ்மித். ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் படையின் மருத்துவர், இயற்கையியலாளர். கேப் டவுனிலிருந்து புறப்பட்டு 1834 முதல் 1836 வரை தென்னாப்பிரிக்காவின் உட்பகுதிகளுக்குச் சென்ற ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். குருமானும் அந்த வழியில்தான் இருந்தது. ஊர் திரும்பிய பிறகு, தாம் கண்ட விலங்குகளைப் படங்களோடு வெளியிடத் தொடங்கினார். 1840இல் ஒரு சிறிய ஆற்று மீனை விவரித்து, அதற்காகத் ‘திலாப்பியா’ என்ற புதிய பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதியை, ஏற்படுத்தினார். இனத்தின் பெயரை மட்டும் ஸ்பார்மன் என்ற சுவீடன் நாட்டு இயற்கையியலாளரின் நினைவாக வைத்தார்.

அந்தக் காலத்து ஐரோப்பிய ஆய்வாளர்கள் பலர் பேரினப் பெயருக்குக் கிரேக்கச் சொல்லைத்தான் தேடுவார்கள். ஸ்மித் உள்ளூர்ச் சொல்லை எடுத்தார். அதனால்தான் இன்று உலகச் சந்தை முழுவதும் ஓர் ஆப்பிரிக்கச் சொல் ஒலிக்கிறது. இந்தச் செய்தி பரவலாகத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

சரி, திலாப்பியா எப்படி ஜிலேபி ஆயிற்று?

கடைசியிலிருந்து தொடங்குவோம். கோபம், லாபம், சபை ஆகிய சொற்களைச் சொல்லிப் பாருங்கள். உயிருக்குப் பின் ஒற்றையாக வரும் பகரத்தை நாம் மென்மையாகத்தான் ஒலிக்கிறோம், ‘அப்பா’வில் வருவதுபோல வல்லொலியாக அல்ல. திலாப்பியாவின் பகரத்தை அழுத்தாமல் சொன்னால் அது தானாகவே ஜிலேபியின் பகரம் ஆகிவிடும். அடுத்து, இறுதி ‘யா’ உதிர்ந்தது. பேச்சில் நீண்ட அயற்சொல்லின் வால் உதிர்வது இயல்பு. இப்போது கையில் இருப்பது ‘திலாபி’.

தகரம் ஜகரமானதுதான் சுவையான இடம். இகரத்தின் பக்கத்தில் தகரம் சகரமாவது தமிழுக்குப் பழக்கம்தான். எழுத்தில் ‘அடித்தான்’ என்பதைப் பேச்சில் ‘அடிச்சான்’ என்கிறோம். ஆனால் சொல்லின் முதலில் இது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை. ‘திரை’யை யாரும் ‘சிரை’ என்று சொல்வதில்லை. இங்கே நடந்ததற்குக் காரணம், பக்கத்திலேயே ஒரு ஜிலேபி தயாராக இருந்ததுதான். பொருள் தெரியாத ‘திலாபி’யை விடத் தெரிந்த ‘ஜிலேபி’ நாவுக்கும் நினைவுக்கும் எளிது. ஆகாரமும் ஏகாரமாக மாறி அந்த அச்சில் பொருந்திக்கொண்டது. சிலேபி, ஜிலாபி என்ற வடிவங்களும் வழங்குகின்றன. அவை இந்த மாற்றத்தின் இடைப்படிகளை நமக்குக் காட்டுகின்றன.

கேரளத்தில் இதே பெயர் வேறு வழியில் போயிற்று. அங்கே ‘பிலோப்பி’ என்பார்கள், ‘சிலோப்பியா’ என்றும் சொல்வார்கள்.

‘ஜிலேபி கெண்டை’ என்கிறார்களே, இது கெண்டையா?

இல்லை. கெண்டை நம் நீர்நிலைகளின் பழங்குடி. குறுந்தொகையில் ஒரு காட்சி வரும்: கொக்கிடமிருந்து தப்பி நீருக்குள் மூழ்கிய கெண்டை, பக்கத்தில் நிற்கும் வெண்மையான தாமரை மொட்டைக் கண்டதும் அதையும் கொக்கு என்று எண்ணி அஞ்சும். அந்த அளவுக்குப் பழைய பெயர் அது. பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்த வளர்ப்பு மீன்களுக்கும் அதே பெயரையே நீட்டினோம். வெள்ளிக் கெண்டை, புல் கெண்டை எல்லாம் அப்படி வந்தவைதான். அவையாவது கெண்டையின் உறவு. ஜிலேபி அந்தக் குடும்பமே இல்லை. அது சிக்லிட் என்ற குடும்பம். கேரளத்தின் கரிமீன் இதற்குத் தூரத்து உறவு.

சந்தேகம் இருந்தால் மீனைக் கையில் எடுத்து மூக்கைப் பாருங்கள். கெண்டைக்குக் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூக்குத் துளைகள் இருக்கும். ஜிலேபிக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான். அடுத்து முதுகுத் துடுப்பைத் தடவுங்கள், ஆனால் வாலை நோக்கி மட்டும். முன்பக்கத்தில் பதினைந்து அல்லது அதற்கும் மேற்பட்ட முட்கள் வரிசையாக நிற்கும். எதிர்த்திசையில் தடவினால் விரலில் ஏறிவிடும். கெண்டையின் முதுகுத் துடுப்பு பெரும்பாலும் மென்மையானது. மூன்றாவது, உடலின் பக்கவாட்டில் ஓடும் கோடு. கெண்டையில் அது செவுளிலிருந்து வால் வரை தொடர்ச்சியாகப் போகும். ஜிலேபியில் மேலே ஒரு துண்டாக ஓடி நின்று, கீழே இன்னொரு துண்டாக மறுபடி தொடங்கும்.

பெயரில் கெண்டை இருப்பதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செதில் நிறைந்த, தட்டையான, கைக்கு அடக்கமான குளத்து மீனைக் கெண்டை என்று அழைப்பது மக்கள் வகைப்பாடு. அது சமையலுக்கும் வியாபாரத்துக்கும் போதுமானது.

இந்த மீன் எப்போது இந்தியாவுக்கு வந்தது?

1952இல். அந்த ஆண்டு தாய்லாந்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுவரப்பட்டது. அப்போது வந்து இறங்கிய இடங்களில் ஒன்று ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள நம் மண்டபம். ஆகவே ஜிலேபி என்ற சொல்லுக்கு வயது எழுபத்துச் சொச்சம்தான்.

மக்களுக்கு மலிவான புரதம் கிடைக்கட்டும் என்பதே நோக்கம். மீன் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெருகியது. சில மாதங்களிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். ஆண் மீன் ஏரித் தரையில் வாயாலேயே மண்ணை அள்ளித் துப்பி வட்டமான குழி பறிக்கும். கோடையில் நீர் வடிந்ததும் சேற்றில் தட்டுத் தட்டாகத் தெரிபவை அந்தக் குழிகள்தான். முட்டைகளைப் பெண் மீன் வாயில் எடுத்து அடைகாக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகும் ஆபத்து வந்தால் தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும். இவ்வளவு பாதுகாப்பு உள்ள மீனோடு, முட்டைகளை நீரில் விட்டுவிட்டுப் போகும் நாட்டு மீன்கள் எப்படிப் போட்டியிடும்? குளங்களில் மீன் மிகுந்தது, அளவு சிறுத்தது. 1959இல் இந்திய மீன்வள ஆய்வுக் குழு இதைப் பரப்ப வேண்டாம் என்று தடை விதித்தது. அதற்குள் மீன் குளங்களைத் தாண்டி அணைகளுக்குப் போய்விட்டிருந்தது.

உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் மொசாம்பிக் திலாப்பியா இருக்கிறது. அதே மீன் அதன் சொந்த ஊரான தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளில் அழிவாய்ப்பு இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அங்கே கொண்டுவிடப்பட்ட நைல் திலாப்பியா என்ற நெருங்கிய உறவு மீனோடு கலந்து, தூய இனம் குறைந்துவருகிறது.

மற்ற நாடுகளில் இதற்கு என்ன பெயர்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இந்த மீன் போன இடமெல்லாம் அந்தந்த ஊரின் கதை ஒன்று பெயரில் ஒட்டிக்கொண்டது.

இந்தோனேசியாவில் ‘முஜாயிர்’. இது ஒரு மனிதரின் பெயர். ஜாவாவின் பிளிட்டார் பகுதியைச் சேர்ந்த முஜாயிர் என்பவர் 1930களில் தெற்குக் கரையின் ஒரு முகத்துவாரத்தில் இந்த மீனைக் கண்டெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நன்னீருக்குப் பழக்கி வளர்த்தார். ஆப்பிரிக்க மீன் ஜாவாவின் கடலோரத்துக்கு எப்படி வந்தது என்பது வேறு கதை. கண்டெடுத்தவரின் பெயரையே மக்கள் மீனுக்கு வைத்துவிட்டார்கள்.

ஜாவாவிலிருந்து இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானியப் படையினர் இதை மலாயாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ‘இக்கான் ஜெப்புன்’, அதாவது ஜப்பான் மீன், என்று பெயர் வந்தது.

1946இல் வூ, குவோ என்ற இருவர் சிங்கப்பூரிலிருந்து தைவானுக்குக் குஞ்சுகளைக் கொண்டுசென்றார்கள். அங்கே அவர்களின் குடும்பப் பெயர்களைச் சேர்த்து ‘வூகுவோ மீன்’ என்கிறார்கள். சீனாவின் ‘லுவோஃபெய்’ என்ற பெயரில் முதல் எழுத்து நைல் நதியைக் குறிக்கும் சொல்லிலிருந்தும், அடுத்த எழுத்து ஆப்பிரிக்காவைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் வந்தவை.

தாய்லாந்தின் பெயர் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1965இல் ஜப்பானின் பட்டத்து இளவரசராக இருந்த அகிஹிட்டோ, தாய்லாந்து மன்னர் பூமிபோலுக்கு ஐம்பது நைல் திலாப்பியா மீன்களை அன்பளிப்பாக அனுப்பினார். மன்னர் அவற்றை அரண்மனைக் குளத்தில் வளர்த்து, பின்னர் மக்களுக்கு வழங்கினார். வைத்த பெயர் ‘பிளா நின்’. ‘பிளா’ என்றால் மீன். ‘நின்’ என்பது ‘நிலோட்டிகா’ என்ற அறிவியல் பெயரின் முதல் அசையிலிருந்து வந்தது. தாய் மொழி எழுத்தில் அது ‘நில்’. கருநிற மணிக்கல்லுக்கு அந்த மொழியில் வழங்கும் பெயரும் அதுவே. அந்தக் கல்லின் பெயர் வடமொழியின் ‘நீல’ என்பதிலிருந்து போனது, நம் ‘நீலம்’ வந்த அதே வேர். ஆக, அவர்களும் நம்மைப்போலவே அயற்பெயரைத் தங்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த ஒரு சொல்லோடு சேர்த்துக்கொண்டார்கள்.

எகிப்தில் ‘புல்தி’. அங்கே அந்தப் பெயர் நைல் திலாப்பியாவுக்கு. அது வந்தேறி மீன் அல்ல, நைல் நதியின் சொந்தப் பிள்ளை. பண்டை எகிப்தியர் இதன் உருவத்தை ஓர் எழுத்தாகவே பயன்படுத்தினார்கள். தாயின் வாயிலிருந்து குஞ்சுகள் வெளிவருவதைக் கண்டு, இதை மறுபிறப்பின் அடையாளமாகக் கொண்டு தாயத்துகளில் செதுக்கினார்கள்.

‘புனித பேதுருவின் மீன்’ என்பதும் இதுதானா?

இதன் நெருங்கிய உறவு. கலிலேயாக் கடல் என்ற நன்னீர் ஏரியில் வாழும் ஒரு திலாப்பியா வகையை அப்படி அழைக்கிறார்கள். மத்தேயு நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில், பேதுரு தூண்டில் போட்டுப் பிடிக்கும் மீனின் வாயில் வரி செலுத்த ஒரு நாணயம் இருக்கும் என்று இயேசு சொல்கிறார். அந்த மீன் இதுவே என்பது மரபு. நற்செய்தியில் மீனின் வகை சொல்லப்படவில்லை. நுண்ணுயிர் மிதவைகளை உண்ணும் இந்த மீன் தூண்டிலில் எளிதில் சிக்காது என்பதால் அது வேறு மீனாக இருக்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. அரபியில் இதன் பெயர் ‘முஷ்ட்’, அதாவது சீப்பு. முதுகுத் துடுப்பைப் பார்த்தால் காரணம் புரியும்.

இப்போது அறிவியல் நூல்களில் இது திலாப்பியா இல்லையாமே?

ஆம். முட்டையைத் தரையில் இடுபவற்றையும் வாயில் அடைகாப்பவற்றையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்ததைப் பின்னாளில் பிரித்தார்கள். இதில் பெரும்பங்கு பிரிட்டிஷ் மீனியலாளர் எத்தெல்வின் டிரெவாவாஸுடையது. 1983இல் வந்த அவரது பெரிய ஆய்வு நூல் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. பெண் மீன் வாயில் அடைகாக்கும் நம் ஜிலேபியும் நைல் திலாப்பியாவும் ‘ஒரியோகுரோமிஸ்’ என்ற பேரினத்துக்குப் போயின. அதன் முதற்பகுதி மலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கிளிமஞ்சாரோ மலையடிவாரத்து ஏரி ஒன்றின் மீனை வைத்து 1889இல் உருவான பெயர் அது. ‘திலாப்பியா’ என்ற பேரினத்தில் இப்போது எஞ்சியிருப்பவை தென் ஆப்பிரிக்கப் பகுதியின் நான்கே இனங்கள். சந்தையில் திலாப்பியா என்று விற்கப்படும் மீன் எதுவும் ஏறக்குறைய அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததல்ல.

‘ஜிலேபி’ என்பது படிக்காதவர்களின் திரிபு, ‘திலாப்பியா’தானே சரி?

இந்தப் பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். திரிபு என்றால் திலாப்பியாவும் திரிபுதான். ட்ஸ்வானா மக்களிடம் போய்த் ‘திலாப்பியா’ என்றால் அவர்களுக்கும் அது தங்கள் சொல்லாக ஒலிக்காது. ஓர் ஐரோப்பிய மருத்துவர் தம் நாவுக்கு ஏற்ப மாற்றினால் அறிவியல், ஏரிக்கரையில் மீன் கூறுபோட்டு விற்கும் பெண் தம் நாவுக்கு ஏற்ப மாற்றினால் பிழை என்பது என்ன நியாயம்? இரண்டும் ஒரே வேலைதான். ஜிலேபி இன்று முழுமையான தமிழ் மீன்பெயர், அயிரை, விரால் போல. அகராதியில் அதற்கு இடம் வேண்டும்.

ஜிலேபி மீன் சாப்பிடலாமா?

தாராளமாக. சாக்கடை கலக்கும் குட்டைகளிலும் இது வாழ்ந்துவிடும் என்பதால் எங்கே பிடித்தது என்று கேட்டு வாங்குங்கள். வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைத் தேய்த்து எடுத்துவிட்டுச் சமைப்பது வழக்கம்.

‘கிஃப்ட் திலேப்பியா’ என்பது வேறு மீனா?

நைல் திலாப்பியாவின் மேம்படுத்தப்பட்ட வகை. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய இனத்தேர்வுத் திட்டத்தில் உருவானது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மீன்களையும் ஆசியப் பண்ணை மீன்களையும் இணைத்து, வேகமாக வளர்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்தார்கள். மரபணுவைச் செயற்கையாக மாற்றிய மீன் அல்ல. ‘மரபியல் முறையில் மேம்படுத்தப்பட்ட பண்ணைத் திலாப்பியா’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான் ‘கிஃப்ட்’. அன்பளிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்தியாவில் இதைப் பண்ணையில் வளர்க்க முன் அனுமதி வேண்டும். குளத்தில் கட்டுக்கடங்காமல் பெருகாமல் இருக்க ஆண் குஞ்சுகளை மட்டுமே வளர்ப்பார்கள்.

கடைப் பலகையில் எந்தப் பெயரை எழுதுவது?

அணை, ஏரிகளில் பிடித்ததென்றால் ‘ஜிலேபி’ என்று எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும். பண்ணையில் வளர்த்ததென்றால் ‘திலேப்பியா (பண்ணை)’ என்று பிரித்துக் காட்டுவது நல்லது. இரண்டுக்கும் விலையும் வேறு, சுவையும் வேறு. நைல் வகையின் வால் துடுப்பில் நெடுக மெல்லிய கறுப்புப் பட்டைகள் தெரியும். வாங்குபவர் அதைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.